மூன்று ஓட்டைப் பானை

எங்கள் டிசைன் கல்லூரியில் சுடுமண் புராஜெக்ட் வந்தபோது, எனக்குப் பார்ட்னராக ஒரு பெங்களூர் அறிவாளி வாய்த்தான். மண்ணைத் தொட்ட கையோடு சானிடைசரைத் தேடுபவன். ஐயம்பேட்டையில் பானை செய்யும் ஒரு அக்காவிடம் பானை வாங்கி, டிரில் மெஷினால் மூன்று ஓட்டை போட்டான். செடிக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுமாம். புதுமையாம்.

பொங்கலுக்கு முந்தின நாள் வீடியோ எடுக்கப் போனோம். அக்காவின் வாசலில் பானை வாங்கக் கூட்டம். வருஷத்தில் அவருக்கு உருப்படியாக விற்கும் நாள் அது ஒன்றுதான். இவன் பானையில் தண்ணீர் நிரப்பித் தோளில் வைத்துக்கொண்டு, பின்னால் ஒழுக ஒழுகச் செடிகளைச் சுற்றி வந்தான். பிணத்தைச் சுற்றிக் கொள்ளிக்குடம் தூக்கி வருவது அச்சு அசலாக இப்படித்தான். எனக்கு அது தெரியும். ஃப்ரேம் சூப்பராக இருந்ததால் வாயை மூடிக்கொண்டு எடுத்தேன்.

"இன்னாபா இது, நல்ல நாளும் அதுவுமா! எவன் வூட்டு சாவு?" என்று ஒரு அம்மா கையிலிருந்த பானையைக் கீழே வைத்தார். மற்றவர்களும் வைத்துவிட்டு நடையைக் கட்டினார்கள்.

"காலேஜ் புள்ளைங்க கூத்துமா அது! பால் பொங்கற பானைமா, வுட்டுட்டுப் போவாதீங்க!" என்று அக்கா பின்னாலேயே ஓடினார். ஒருத்தரும் திரும்பவில்லை.

இவன் தோளைத் துடைத்துக்கொண்டு, "ஷாட் ஓகேவாடா?" என்றான்.

மதிப்பெண் போடும் அன்று ஸ்லைடில், 'உள்ளூர் மக்கள் உணர்ச்சிவசப்பட்டார்கள்' என்று எழுதியிருந்தான். ஜூரி கைதட்டியது. நானும் அவன் பக்கத்தில் நின்று பல்லிளித்தேன்.