கரையோர வீட்டுக்காரர் எவரும் வரவில்லை

எங்கள் ஊரில் ஆண்களுக்கு வீடு கிடையாது. கலியாணம் முடித்ததும் மனைவியின் வீட்டுக்குக் குடிபோவோம். அது அவளுக்கு வாப்பா கொடுத்த சீதனம். வீட்டின் உறுதிப் பத்திரமும் அவள் பெயரில்தான். நான் பிறந்த வீடு என் தங்கைக்குப் போனது. வெளியூர்க்காரருக்கு இது விசித்திரமாக இருக்கலாம். எங்களுக்கு இதில் யோசிக்க எதுவும் இருப்பதாகவே தெரியாது.

என் மனைவியின் வீடு, ஆறு கடலில் விழும் இடத்துக்கு வடக்கே மணல்மேட்டில் இருந்தது. என் வாப்பா வழியில் எனக்கு வந்த வயல் ஊருக்கு மேற்கே, அதே ஆற்றோரம். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தோம். வீட்டை அவளுக்கு எழுதிவிட்டு, பின்வளவில் ஓர் அறை போட்டுக்கொண்டு நாங்கள் ஒதுங்குவதாக ஏற்பாடு. எங்கே கதவு வைப்பது என்பதுவரை மனைவி தீர்மானித்திருந்தாள்.

அந்த மாரிகாலப் பெரும்போகத்தில் நெல் விதைத்த பிறகு மழை விடவில்லை. மேலே குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள். ஆற்றுவாயையோ கடல் வழக்கம்போல மணல் தள்ளி அடைத்து வைத்திருந்தது. வந்த தண்ணீருக்குப் போக வழியில்லை, வயல்களில் ஏறி நின்றது. இளம்பயிர் தண்ணீருக்குள் கிடந்தது. இன்னும் சில நாள் அப்படியே கிடந்தால் அழுகிவிடும். அந்த மணலை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்குப் போய்விடும். ஆனால் போகிற வேகத்தில் பக்கத்துக் கரையையும் அரித்துக்கொண்டு போகும். ஆகவே எந்தப் பக்கம் வெட்டுவது என்பதற்கு ஒரு கூட்டம் போட்டார்கள்.

விவசாயிகள் சங்கத்துக்கும் மீனவர் சங்கத்துக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கலியாணப் பேச்சுக்கு வந்த இரண்டு வீட்டாரைப் போல ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்தோம். நான் விவசாயிகள் பக்கம். வேறு எங்கே உட்காருவது?

"எங்கட தோணியெல்லாம் தெக்கால இரிக்கி. வெட்டுறதெண்டா வடக்கால வெட்டுங்க" என்றார் மீனவர் தரப்பில் ஒருவர்.

"எங்கால எண்டாலும் வெட்டுங்க, இண்டைக்கே வெட்டுங்க" என்றார்கள் எங்கள் ஆட்கள்.

கூட்டத்தை நடத்திய அதிகாரி நிமிர்ந்து பார்த்து, "கரையோரத்தில வீடு உள்ளவங்க ஆரும் வந்திருக்கிறீங்களா?" என்று கேட்டார்.

நல்ல மனிதர், கேட்க வேண்டியதைக் கேட்டார். அங்கே என்னைப் போல இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள், எல்லாரும் மணல்மேட்டில் குடியிருப்பவர்கள். ஒருவரும் கை தூக்கவில்லை. பயத்தாலும் அல்ல, வஞ்சகத்தாலும் அல்ல. அந்தக் கேள்வி எங்களைப் பார்த்துக் கேட்கப்பட்டதாகவே எங்களுக்குத் தோன்றவில்லை. வீடுள்ளவர்கள் எல்லாம் வீட்டில் சோறாக்கிக்கொண்டிருந்தார்கள். கரையோர வீட்டுக்காரர் எவரும் வரவில்லை என்று எழுதிக்கொண்டு, வடக்குப் பக்கம் என்று முடித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "நம்மட ஊட்டப் பத்திக் கதைச்சாங்களா?"

"கேட்டாங்க. ஊட்டுக்காரங்க ஒருத்தரும் வரல்ல எண்டு எழுதிக்கிட்டாங்க."

"என்னையக் கூப்பிட்டாத்தானே நான் வாற" என்றாள். பிறகு உலையை இறக்கப் போனாள்.

அடுத்த நாள் காலையில் மண் வெட்டும் பெக்கோ மெசின் வந்து வெட்டியது. முதலில் ஒரு வாய்க்கால் அளவுதான் தண்ணீர் போனது. ஆட்கள் கைதட்டினார்கள், யாரோ பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். பகலுக்குள் அது ஆறாகிவிட்டது. குர்ஆனையும் தையல் மெசினையும் மகளின் அலுமாரியையும் ரோட்டில் கொண்டுவந்து வைத்தோம். மதிலுக்கு அடியில் மணல் இறங்கியது, மதில் சாய்ந்தது. பிறகு குசினி அடுப்போடு போனது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது மிச்சமும் போனது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. மகள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. உள்ளே ஒன்றுமே இல்லாதது போல இருந்தது. வயலில் இப்போது எவ்வளவு இறங்கியிருக்கும் என்று மட்டும் ஒரு நினைப்பு வந்தது.

மனைவியும் மகளும் மனைவியின் தங்கை வீட்டுக்குப் போனார்கள். இன்னொருத்தியின் வீட்டில் நான் எப்படிப் படுப்பது? நான் வயல் காவலுக்குப் போட்டிருந்த வாடிக்குப் போனேன். ஆட்கள் பாவம் பார்த்து ஏதேதோ சொன்னார்கள். காதில் விழுந்தது, அவ்வளவுதான். பசளை போட்டேன், வரம்பு கட்டினேன். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தரம் வந்து போனார்கள், பிறகு வரவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஊரில் வீடில்லாத பெண்ணைக் கேட்டு யார் வருவார்கள்?

மூழ்கிய பயிர் தெளிந்து, முன்னொரு போகமும் இல்லாத விளைச்சலைத் தந்தது. நல்ல விளைச்சல் என்று ஆட்கள் முதுகில் தட்டிச் சொன்னார்கள். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். வாய்தான் சொன்னது.

சாப்பாட்டுக்கென்று எடுத்துவைத்த மூட்டைகளை லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏற்றி மனைவியின் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவி வாசல் கேற்றடிக்கு வந்தாள். ஒரு பிடி நெல்லை எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்தாள்.

"நல்ல நெல்லு" என்றாள்.

"ஓம்."

"மத்த ஆக்களும் இப்பிடித்தான் சொல்றாங்களா?"

"ஓம், எல்லாரும் சொல்றாங்க."

"அப்ப வயலுக்கு நல்ல வெல வரும்" என்றாள். குரலில் கோபம் இல்லை. "புள்ளைக்கு ஒரு ஊடு கட்டணும்."

"ஓம்" என்றேன். மூட்டைகளை இறக்கத் தொடங்கினேன்.