உண்ணிச்செடியும் என் தம்பியும்

பிறந்த வீட்டோடு சண்டை போட ஒரு பெண்ணுக்கு எத்தனையோ காரணம் கிடைக்கும். நகை, நிலம், நாத்தனார், இப்படி. எனக்குக் கிடைத்தது உண்ணிச்செடி.

நான் போத்தனூரில் இருக்கிறேன். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற முதல் மாதத்திலேயே வீட்டில் இருக்கிறவர்கள் மேலெல்லாம் எரிந்து விழ ஆரம்பித்துவிட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் காடு கரடுகளுக்குப் போய்ப் புதர் நீக்குகிற ஒரு குழு இருப்பதை எங்கிருந்தோ கேள்விப்பட்டு வந்து, என்னை அதில் சேர்த்துவிட்டதே என் வீட்டுக்காரர்தான். சமூக சேவை என்று வெளியில் சொல்லிக்கொண்டார். அன்றைக்கு ஒரு நாளாவது நிம்மதியாகப் பேப்பர் படிக்கலாம் என்பது அவர் கணக்கு.

குழுவை நடத்துகிறவள் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு பெண். என் மகள் வயதுதான் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்து காடெல்லாம் புதராக மண்டிக்கிடக்கிற உண்ணிச்செடியை எப்படி எடுப்பது என்று முதல் நாளே செய்து காட்டினாள். அதை வெறுமனே வெட்டினால் ஒன்றுக்கு நாலாகத் துளிர்த்துவிடும். தண்டும் வேரும் சேருகிற முண்டுக்குக் கீழே கடப்பாரையை விட்டுப் பெயர்த்து, செடியை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். வேர் வானத்தைப் பார்த்துக் காய்ந்துபோகும். எனக்கு இந்த வேலை பிடித்துவிட்டது. கோபத்தையெல்லாம் கடப்பாரையில் இறக்கலாம்.

அந்தத் தைப் பொங்கலுக்குக் கிணத்துக்கடவுப் பக்கம் என் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் தோட்டத்தை ஒட்டி ஒரு கரடு இருக்கிறது. பாறையும் மேடுமாக ஒரு சின்னக் குன்று. உச்சியில் ஒரு கோயில், கரடும் அந்தக் கோயிலுடையதுதான். சரிவு முழுக்க உசிலையும் வேம்பும் வெள்வேலும் நிற்கின்றன. அந்த மரங்களுக்கு அடியில் ஆள் நுழைய முடியாதபடி உண்ணிச்செடி மண்டியிருந்தது. பகலெல்லாம் காட்டுப்பன்றிகள் அதற்குள் படுத்திருந்துவிட்டு, இருட்டியதும் இறங்கித் தம்பியின் மக்காச்சோளத்தில் விருந்து சாப்பிட்டன. அந்த வருடம் பாதிக் கருதுதான் வீடு வந்து சேர்ந்தது.

"கோயில்ல பேசியாச்சுங்க்கா. ஜேசிபிய உட்டு மொத்தத்தையும் வழிச்சுப்போடறதுன்னு முடிவு. எந்தோட்டந்தான் பக்கத்துல இருக்குதுன்னு பொறுப்ப எங்கிட்டயே உட்டுட்டாங்க" என்றான் தம்பி.

"மரத்தையுமாடா?"

"மரத்த உட்டுப்போட்டு வண்டி எப்படீங்க்கா திரும்பும்?"

"மூட்டைப்பூச்சிக்குப் பயந்து ஊட்டக் கொளுத்துவியா நீ?"

"ஊடு யாருதா இருந்தாலும் கடி வாங்கறது நானுங்க்கா" என்றான். அவன் என்னைப்போல் கத்த மாட்டான். ஆனால் நறுக்கென்று சொல்வான். பொங்கல் வைத்த பானை ஆறுவதற்குள் எங்களுக்குள் பெரிய வாக்குவாதமாகிவிட்டது. கடைசியில் நான்தான் வீறாப்பாகச் சொன்னேன், எங்கள் குழு வந்து உண்ணிச்செடியை மட்டும் எடுத்துவிடும், பன்றிக்கு ஒளிய இடம் இல்லாமல் போய்விடும், ஒரு மரத்தையும் தொட வேண்டாம் என்று. அவன் யோசித்தான். அடுத்த மக்காச்சோளம் கருது பிடிக்கிறவரைக்கும் பொறுத்துக்கொள்வதாகச் சொன்னான். அதற்குப் பிறகும் பன்றி இறங்கினால் நான் வாயைத் திறக்கக் கூடாது. சரி என்று சொல்லிவிட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது ஆத்திரக்காரிக்கும் பொருந்தும்.

கரட்டின் கிழக்குச் சரிவில் தொடங்கினோம். இரண்டு வாரம் வேலையைப் பழக்கிவிட்டு, அந்தப் பெண் கம்பெனி வேலையாக பெங்களூரு போய்விட்டாள். அதற்கப்புறம் நடந்தது எங்கள் ஊர்க்காரர்களால் மட்டுமே செய்யக்கூடிய காரியம்.

எங்கள் குழுவில் ஒருவர் பம்ப்செட் பட்டறை வைத்திருக்கிறார். ஒரு தம்பதி மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். மற்றவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். யாரைக் கிளறினாலும் ஒரு தலைமுறைக்கு முன்னால் ஏர் பிடித்த குடும்பம்தான். தோட்டத்தில் ஒரு கோரைப்புல் தெரிந்தால் மானம் போய்விட்டது என்று நினைக்கிற ஜனங்கள் நாங்கள். பக்கத்துத் தோட்டக்காரன் வரப்பில் நின்று பார்த்தால் மண் மட்டும்தான் தெரிய வேண்டும். உண்ணிச்செடியை எடுத்ததும், அடியில் கிடந்த சூரை முள் எங்கள் கண்ணை உறுத்தியது. அதை எடுத்தோம். காரைப் புதரை எடுத்தோம். பிறகு புல்லைச் செதுக்கினோம். பட்டறைக்காரர் தன் ஆட்களைக் கூட்டிவந்து சருகைக்கூடப் பெருக்கவைத்தார். கயிறு கட்டி, சுண்ணாம்புப் பொடி போட்டு, வரிசை பிசகாமல் குழி எடுத்து மரக்கன்று நட்டோம். கயிறு பிடித்தது நான்தான். கணக்கு டீச்சர் பிடித்த கயிறு கோணுமா?

தம்பி இளநீர் வெட்டிக்கொண்டு வந்தான். சரிவைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"இப்பத்தானுங்க்கா பாக்கறாப்பல இருக்குது. இத்தன சுத்தமா எந்தோட்டங்கூட இல்லீங்க."

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து போட்டோவை எல்லாருக்கும் அனுப்பினேன்.

சித்திரையில் கோடை மழை வந்தது. ஒரே ஒரு மழைதான், ஆனால் சாயங்காலம் பூராவும் கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலையில் தம்பி போன் செய்தான்.

"அக்கா, உங்க கரடு இப்ப எங்க குட்டைக்குள்ள இருக்குதுங்க."

ஓடிப்போய்ப் பார்த்தேன். புல்லும் சருகும் இல்லாத மண்ணை மழை அப்படியே வழித்துக்கொண்டு இறங்கியிருந்தது. தம்பி ஆசை ஆசையாக வெட்டிய பண்ணைக் குட்டை பாதிக்குமேல் செம்மண்ணால் நிரம்பிக் கிடந்தது. நாங்கள் நட்ட கன்றுகளும் அதில்தான் மிதந்தன. மேலே சரிவில் கல்லும் வாய்க்காலும் மிச்சம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான்.

பெங்களூருவிலிருந்து திரும்பியிருந்த அந்தப் பெண் சரிவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்கு எரிச்சல் கிளம்பியது.

"மத்ததையெல்லாம் தொடக் கூடாதுன்னு மொதல்லயே சொல்றதுக்கென்ன அம்மணி?"

"சொன்னனுங்கம்மா. நீங்க அப்ப எல்லாருக்கும் டீ ஊத்திட்டிருந்தீங்க" என்றாள். பிறகு சிரித்துவிட்டாள். "நானே எங்கப்பா தோட்டத்துக்குப் போனா, கை சும்மா இருக்காம புல்லப் புடுங்குவனுங்க. நம்மளுக்கு உண்ணிச்செடி மட்டும் போதுமுங்கம்மா. மத்தது தானா வரும்."

தம்பி சிரிக்கவில்லை. ஜேசிபியை நாளைக்கே கூப்பிடுவதாகச் சொன்னான். அவன் மனைவிதான் குறுக்கே வந்தாள். "அக்காவுக்கு வாக்குக் குடுத்திருக்கறீங்க. கருது புடிக்கறவரைக்கும்னு நீங்கதானுங்க சொன்னீங்க" என்றாள். வாக்கு என்றதும் அவனால் மீற முடியவில்லை. ஆனால் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். மாதா மாதம் வரும் தேங்காய் மூட்டையும் நின்றது. கடையில் தேங்காய் வாங்கியபோதெல்லாம் எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. மரம் போனால் போகட்டும், தம்பி போய்விடுவானோ என்று பயந்தேன். அடுத்த நிமிடமே, மரம் மட்டும் ஏன் போக வேண்டும் என்று தோன்றும். இப்படியே அந்த வைகாசி போயிற்று.

மேற்குச் சரிவில் வேலையைத் தொடர்ந்தோம். இந்தத் தடவை உண்ணிச்செடியைத் தவிர எதையும் தொடக் கூடாது என்று கட்டளை. அதைப்போலக் கஷ்டமான வேலையை நான் செய்ததே இல்லை. கண்ணெதிரே சூரை முள் சேலையைப் பிடித்து இழுக்கும். கை துறுதுறுக்கும். பட்டறைக்காரர் ஒரு புல்லைப் பிடுங்கிவிட்டு, திருட்டுத்தனமாகச் சுற்றும் முற்றும் பார்ப்பார். "அண்ணா!" என்று நான் அதட்டினால், பள்ளிக்கூடப் பையன்போல அதைத் திரும்ப நட்டு வைப்பார். பிடுங்கிய உண்ணிச்செடிகளைச் சரிவுக்குக் குறுக்கே கவிழ்த்துப் போட்டோம். கிழக்குச் சரிவிலும் கொண்டுபோய்ப் பரப்பினோம், மிச்ச மண்ணாவது நிற்கட்டும் என்று.

தம்பி ஒரு நாள் வந்து பார்த்தான். என்னிடம் பேசவில்லை. அந்தப் பெண்ணிடம் சொன்னான்:

"ஏனுங்க அம்மணி, முடி வெட்டற கடையில பாதில எந்திரிச்சு வந்தவன் தலையாட்டமல்லோ இருக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்தால் தோற்றதாகிவிடும் என்று கடப்பாரையை எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிட்டேன்.

ஆடியில் பாலக்காட்டுக் காற்றோடு சாரல் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் முழங்கால் வலியால் ஒரு பாறையில் உட்கார்ந்தேன். காலடியில் ஒரு சின்னச் செடி. இரண்டு மூன்று இலைக்கொத்துதான். பக்கத்தில் இன்னொன்று. கொஞ்சம் தள்ளி, காய்ந்துபோன உண்ணிச்செடி விறகின் இடுக்கில் ஒன்று. அண்ணாந்து பார்த்தேன். உசிலை மரம். அதன் பிள்ளைகள்தான் அத்தனையும். இத்தனை காலமும் வெயில் படாமல் உள்ளேயே கிடந்த விதைகள். யாரும் குழி எடுக்கவில்லை, கயிறு பிடிக்கவில்லை. சூரை முள்ளுக்குள் ஒரு வேம்பும் இருந்தது. ஆடு வாய் வைக்க முடியாத இடமாகப் பார்த்து முளைத்திருந்தது. நான் போட்ட கூச்சலில் எல்லாரும் பாம்பு என்று நினைத்து ஓடிவந்தார்கள்.

உடனே தம்பிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. திரும்பவும் செய்தேன். எடுக்கவே இல்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆவணியில் அவன் மக்காச்சோளம் போட்டான். கொஞ்ச நாள் கழித்து அவன் மனைவி என்னைக் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"ஏனுங்க, உங்க தம்பி பொழுதெறங்குனா கரட்டு மேல போயி நிக்கறாருங்க. எதுக்குன்னு கேட்டா, பன்னித் தடம் இருக்குதான்னு பாக்கறேன்கறாரு. பன்னித் தடம் பாக்கறவரு எதுக்குங்க சொம்புல தண்ணி கொண்டுட்டுப் போகோணும்?"

நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. நம்பவும் தைரியம் வரவில்லை.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போய் இறங்கியபோது, தம்பியின் தோட்டத்தில் ஜேசிபி நின்றது. கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். கிட்டே போனபிறகுதான் தெரிந்தது, ஐப்பசி மழைக்குள் குட்டையில் இருக்கிற மண்ணை அள்ள வந்திருக்கிறது. நாங்கள் கொண்டுபோய்ச் சேர்த்த மண். மக்காச்சோளம் இடுப்புயரம் நின்றது. இன்னும் கருது பிடிக்கவில்லை. பன்றி வருமா வராதா என்று யாருக்கும் தெரியாது.

மதியத்துக்குள் குட்டை வேலை முடிந்துவிட்டது. வண்டிக்காரர் இறங்கி முகம் கழுவிக்கொண்டே கரட்டைப் பார்த்தார்.

"ஏனுங்க, வந்தது வந்தாச்சு. மேலயும் ஒரு தட்டுத் தட்டிப்போட்டுப் போயரட்டுங்களா? பொழுதுக்குள்ள மொட்டையாக்கிரலாமுங்க."

அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் இரண்டு பேர் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். "செஞ்சுபோடு மாப்ள. இன்னொருக்கா எதுக்கு வண்டியக் கூப்பிட்டுட்டு?" என்றார் ஒருவர். எங்கள் குழு மொத்தமும் என்னைத்தான் பார்த்தது. வாய் திறந்து பேசுவேன், சண்டை போடுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். வாக்குப்படி இன்னும் நாள் இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் அப்படிச் சொல்லி நிறுத்தினால், அது என் வீறாப்புக்காக நின்றதாகத்தான் இருக்கும். கருது வந்ததும் திரும்ப வண்டி வரும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

தம்பி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். கரட்டை நிமிர்ந்து பார்த்தான்.

"வேண்டாமுங்க" என்றான்.

"பன்னி எறங்குச்சுன்னா?" என்று கேட்டார் பக்கத்துத் தோட்டக்காரர்.

"எறங்குனா ராத்திரிக்குக் காவல் படுத்துக்கறேன். முன்னயெல்லாம் படுக்காததா?"

வண்டிக்காரர் விடவில்லை. மரத்தைத் தொடாமல் அடிவாரத்தை மட்டுமாவது ஓட்டித் தருகிறேன் என்று சொல்லி, வண்டியில் ஏறிச் சாவியைத் திருகினார். தம்பி சட்டென்று குறுக்கே போய் நின்று கையைக் காட்டினான். என் தம்பி சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"நிறுத்துங்க! வண்டிய மேல ஏத்திப்போடாதீங்க. அங்க சின்னஞ்சிறுசுக நெறையக் கெடக்குதுங்க, மிதிபட்டுரும்!"