வேலியோரம் நின்ற ரேஸ்காரியின் அம்மா

பெங்களூரை அடுத்த ஆனேக்கல் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு பைக் ரேஸ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவியின் அம்மா ஞாயிறுதோறும் கூடவே வருவார். புடவைக்கு மேல் ஸ்வெட்டர், கையில் டிபன் டப்பா. டிராக் வேலியோரம் நின்று, மகள் தன்னைக் கடக்கும்போதெல்லாம் உள்ளங்கையைக் கீழ்நோக்கி அழுத்தி, "மெதுவா, மெதுவா!" என்று கத்துவார். தங்களுக்குத்தான் சொல்கிறார் என்று மற்ற பிள்ளைகளும் பிரேக் பிடிப்பார்கள். ரேஸே சாமி ஊர்வலம் மாதிரி ஆகிவிடும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "இவ்வளவு பயம்னா எதுக்கும்மா ரேஸ்ல சேர்த்தீங்க?"

"பைக் ஓட்டியே ஆவணும்னு அடம் பிடிக்கிறா சார். ரோட்ல விட முடியுமா? எவன் எந்தப் பக்கத்துலேர்ந்து வருவான்னே தெரியாது. இங்கதான் எல்லாரும் ஒரே பக்கமா போறாங்க."

இத்தனை வருடம் ரேஸ் ஓட்டிய எனக்கு இது தோன்றியதே இல்லை. வகுப்பு நோட்டீஸில் முதல் வரியாகவே போடலாம் என்று நினைத்தபடி சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பினேன்.

ஒசூர் ரோட்டில் ராங் சைடில் ஒரு ஸ்கூட்டர் நேராக என்மேல் வந்தது. டயர் கிறீச்சிட பைக்கை நிறுத்தினேன். ஓட்டி வந்தவர் அந்த அம்மாதான். பின்னால் ரேஸ் ஹெல்மெட்டோடு மகள்.

அம்மா என்னைப் பார்த்து உள்ளங்கையைக் கீழ்நோக்கி அழுத்தினார்.

"மெதுவா சார், மெதுவா!"