எட்டுக் கையெழுத்து

போடியில நாங்க ஃப்ளாட்டு வாங்குனது லிப்டுக்காக. வேற ஒரு காரணமும் இல்ல. எம் பொஞ்சாதி முப்பது வருஷம் ஏலத்தோட்டத்துச் சரிவுல ஏறி இறங்கி முட்டி தேஞ்சவ. "இனி ஒரு படி ஏற மாட்டேன், சொல்லிப்புட்டேன்"னுதான் மலையை விட்டே இறங்குனா. மூணாவது மாடி. சன்னலத் திறந்தா மலை தெரியும். மொத்தம் எட்டு வீடு.

வீட்டுக்காரங்க சங்கம் ஆரம்பிச்சப்ப மொத ஆளாப் போய் உக்காந்தவன் நான். பொதுநலமா? அட நீங்க வேற! மொத மாடியில இருக்குற கீழ்வீட்டுக்காரரு ஏலக்காய் யாவாரி. வண்டி நிறுத்துற எடத்துல காய் பொறுக்க ஆளுகள உக்கார வச்சிருவாரோன்னு பயம். அதுக்காக நானே ஒரு சட்டம் சொன்னேன்: பொதுவுல எதத் தொட்டாலும் எட்டு வீட்டுக் கையெழுத்தும் வேணும். எல்லாரும் தலையாட்டுனாங்க. நோட்டுலயும் எழுதியாச்சு. மத்தவங்க மட்டும் என்ன? ஒருத்தர் தண்ணித் தொட்டிக்காக வந்தாரு, ஒருத்தர் செவரு ஒழுகுதுன்னு வந்தாரு. அவங்கவங்க சோலி முடிஞ்சதும் நாற்காலி காலி.

மூணாம் வருஷம் லிப்ட் நின்னு போச்சு. புதுசாத்தான் போடணும்னுட்டாரு மெக்கானிக்கு. வீடு வீடா ஏறி, என்னோடதயும் சேத்து ஏழு கையெழுத்து வாங்கிட்டேன். கீழ்வீட்டுக்காரரு மட்டும், "நான் நடக்கத்தானே செய்றேன், எனக்கு எதுக்குண்ணே லிப்ட்? சட்டம் போட்டது நீங்கதானே"ன்னு சிரிச்சாரு. சட்டத்த மாத்தலாம்னா அதுக்கும் எட்டுக் கையெழுத்து வேணுமாம். சொந்தக் காசுல சூனியம் வச்ச கதைதான். ஆத்திரத்துல தாளக் கிழிச்சு எறிஞ்சேன்.

அப்புறம் எம் பொஞ்சாதி வீட்டோட சரி. சிலமலையில அவ தங்கச்சி பேத்திக்குக் காதுகுத்து வந்துச்சு. பட்டுச்சேலை கட்டி, பூ வச்சு, ஆசையாக் கெளம்புனா. ரெண்டாவது மாடித் திருப்பத்துலயே உக்காந்துட்டா. "மலையில கூட நான் இப்பிடிப் பாதியில நின்னதில்லைங்க. என்னைய மேல கொண்டுபோய் விட்ருங்க"ன்னு அழுதா. அதுக்கப்புறம் கீழ போகணும்னு அவ கேக்கவே இல்ல.

ஒருநாள் காலையில அவளுக்கு நெஞ்சு வலி. ஆம்புலன்சுக்காரங்க கொண்டாந்த ஸ்ட்ரெச்சர் படித் திருப்பத்துல திரும்பல. நாற்காலியில உக்கார வச்சுத் தூக்குனோம். முன்னங்காலப் பிடிச்சது அந்தக் கீழ்வீட்டுக்காரருதான். படிக்குப் படி, "மெல்ல, மெல்ல"ன்னு சொல்லிக்கிட்டே எறங்குனாரு. தரைக்கு வந்து சேந்தப்ப அவ மூச்சு நின்னிருந்துச்சு.

காரியம் முடிஞ்ச மறுநாள் அவரு புதுத் தாளோட வந்தாரு. ஏழு கையெழுத்து இருந்துச்சு, மொதக் கையெழுத்து அவரோடது. "மன்னிச்சிருங்கண்ணே. உங்களுது ஒண்ணுதான் பாக்கி"ன்னு தேம்பித் தேம்பி அழுதாரு.

"நான் நடக்கத்தானே செய்றேன், எனக்கு எதுக்கு லிப்ட்?"னு கேட்டேன். சட்டுனு அதுதான் வாயில வந்துச்சு.

அந்தத் தாள் இன்னும் டிவி மேலதான் கெடக்கு. எதிர்வீட்டுப் பொண்ணுக்கு இப்ப ஏழு மாசம். பாக்குறப்பெல்லாம், "அப்பா, ஒரு கையெழுத்துப்பா"ன்னு கேக்குது. "பாப்போம்மா"ங்குறேன். எம்மேல எனக்கே அருவருப்பாத்தான் இருக்கு. இன்னைக்கும் அது அதே திருப்பத்துல உக்காந்து மூச்சு வாங்குச்சு. நான் அதத் தாண்டி ஏறி வந்து கதவச் சாத்திக்கிட்டேன்.