பழைய காற்று போகும் வரை

ஜெர்மனியில் கடுங்குளிரிலும் தினம் இரண்டு முறை வீட்டு ஜன்னல்களை அகலத் திறந்து வைக்க வேண்டும். ஐந்து நிமிடம், மிஞ்சிப்போனால் பத்து. ‘லுஃப்டன்’ என்று அதற்குப் பெயர். நான் குடியேறிய முதல் மாதம், கீழ்த்தளத்தில் இருக்கும் வீட்டுக்காரம்மா ஃப்ராவ் கெல்லர் கதவைத் தட்டி, “காற்றை மாற்றினாயா?” என்று கேட்டார். அப்போதுதான் ரசத்துக்குப் பெருங்காயம் தாளித்திருந்தேன். அந்த வாடையைத்தான் சொல்கிறார் என்று எனக்குச் சுருக்கென்றது. ஒரு வாரம் தாளிக்காமல் ரொட்டியைத் தின்று வீம்பு காட்டினேன். சுவரில் பூஞ்சை பிடித்துவிடுமே என்றுதான் அவர் கவலைப்பட்டார், பாவம். துடியலூரில் எங்கள் வீட்டு ஜன்னலை மூடிப் பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை. காற்று மாறுவதற்கென்று நேரம் ஒதுக்குவார்கள் என்று யார் கண்டது?

போன மாதம் கம்பெனி என்னைத் துடியலூரைத் தாண்டிக் காரமடைப் பக்கம் ஒரு காகித ஆலைக்கு அனுப்பியது. பாய்லர் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது என்று காட்டும் எங்கள் கருவி அங்கே தகராறு செய்தது. இரண்டு பாய்லர்களின் புகையையும் மாற்றி மாற்றி இழுத்துப் பார்க்கும். எங்கள் ஊருக்கு நாங்கள் விற்ற முதல் கருவி அது. சொந்த ஊருக்கு வேலையாகப் போகிறேன் என்ற பரபரப்பில் விமானத்தில் கண்ணே மூடவில்லை.

ஆலை முதலாளியிடம் வாதாடி அதை வாங்க வைத்தவன் ரங்கராஜ். பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவன்; இப்போது அந்த ஆலையில் கருவிகளுக்குப் பொறுப்பு. கேட்டிலேயே காத்திருந்தான்.

“நாலு மணிக்குள்ள சரியாகலீன்னா திருப்பி அனுப்பிரச் சொல்லிப்போட்டாரு அம்மணி. நாந்தான் வாங்கச் சொன்னேன். எம்பட மானம் போயிரும்.”

கோளாறு விசித்திரமாக இருந்தது. இரண்டாவது பாய்லரில் காற்றைக் குறைத்தால் முதல் பாய்லரின் எண் குறைந்தது. எனக்குக் கொஞ்சம் திமிர். எடுத்த எடுப்பில், “ஏனப்பா, வயரை மாத்திக் குடுத்துப்போட்டயா?” என்றேன்.

“நீ சீமைக்குப் போனதும் எனக்கு வயர் மாட்டத் தெரியாதுன்னு ஆயிருச்சா?” என்றான். முகம் சுருங்கிவிட்டது.

இரண்டு மணி நேரம் பார்த்தோம். வயரெல்லாம் சரிதான். வெட்கத்தோடு நிமிர்ந்தபோதுதான் அறையையே கவனித்தேன். பளபளவென்று டைல்ஸ், ஏசி. கருவியின் நெற்றியில் சந்தனம், குங்குமம்.

“பாய்லர் பக்கத்துலயே வெக்கச் சொல்லித்தான வரைபடம் அனுப்பினோம்?”

“அத்தன தொலவிருந்து வந்திருக்குது. கரியிலயும் வெக்கையிலயுமா உக்கார வெப்பாங்க? ஆபீஸ்லயே நல்ல ரூமாப் பாத்துக் குடுத்தோம்.”

விருந்தாளியை வாசலில் நிறுத்தாத ஊர் இது, எப்படி மறந்தேன்? வரைபடத்தில் பத்து மீட்டராக இருந்த புகைக்குழாய் இங்கே அறுபது மீட்டரைத் தாண்டி வளைந்து வந்திருந்தது. மூடிக்கிடந்த அந்த அறையில் ஃப்ராவ் கெல்லரின் குரல் காதில் விழுந்தது. காற்று மாறவில்லை! ஒரு பாய்லரிலிருந்து அடுத்ததற்கு மாறியதும் கருவி முப்பது விநாடி பொறுத்து, அடுத்த முப்பது விநாடியில் அளந்துவிடும்படி ஜெர்மனியில் வைத்திருந்தோம். இந்த நீளக் குழாயில் அதுவரை கருவிக்கு வந்துகொண்டிருந்தது முந்தைய பாய்லரின் புகைதான்.

ரங்கராஜ் சோதனை வாயு சிலிண்டரோடு புகைபோக்கி மேடைக்கு ஏறினான். அது வந்து சேரும் நேரத்தைக் கணக்கிட நான் செல்போனும் கடிகாரமுமாகக் கருவியின் முன்னால் நின்றேன்.

“உட்டாச்சு அம்மணி!”

முப்பது விநாடி. ஐம்பது. அசைவே இல்லை. எழுபதில் எண் துள்ளியது, நூறில் நிலைத்தது. காத்திருக்கும் நேரத்தை இரண்டு நிமிடமாக மாற்றினேன். இரண்டாவது பாய்லரில் காற்றைக் குறைக்கச் சொன்னேன். இரண்டாவது எண் இறங்கியது, முதல் எண் அப்படியே நின்றது. “ரங்கராசு!” என்று நான் போட்ட கூச்சலில் ஆபீஸே எழுந்து வந்துவிட்டது. மூன்றரைக்கு முதலாளி வந்து நெடுநேரம் பார்த்தார். “செரி, இருக்கட்டுங்க” என்றார். ரங்கராஜ் என் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் வளையல் ஒன்று உடைந்தது.

அவன் மனைவி கட்டிக்கொடுத்த கொள்ளுப்பொடியோடு ஜெர்மனி திரும்பினேன். பெட்டியைத் திறந்ததும் வீடு முழுக்கக் காரமடை வாசம். கதவு தட்டும் சத்தம் கேட்டது.

“காற்றை மாற்றினாயா?” என்றார் ஃப்ராவ் கெல்லர்.

கை ஜன்னல் பிடியில்தான் இருந்தது. திறக்க மனம் வரவில்லை.

“இன்னும் இரண்டு நிமிடம்” என்றேன்.