கைக்குட்டை போட்ட இடம்

எனக்கு ஆறு வயதில் பெரியம்மை போட்டது. பிழைத்துக்கொண்டேன். அது போகும்போது முகம் முழுக்கத் தழும்பையும், இடது கண்ணில் வெள்ளையாக ஒரு பூவையும் விட்டுவிட்டுப் போனது. கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். அதற்குப் பூ என்று பேர் வைத்தவர் யாரோ தெரியாது. அவர் கண்ணில் விழவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அம்மாவுக்கு என் மேல் பிரியத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் வீட்டுக்கு யாராவது வந்தால், தண்ணீர் கொண்டு வா, விறகு கொண்டு வா என்று என்னைப் பின்கட்டுக்கு அனுப்பிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் வகுப்போடு சேர்த்துப் படம் எடுத்த அன்று எனக்குக் காய்ச்சல் என்று அவளாகவே சொல்லியனுப்பினாள். எனக்குக் காய்ச்சல் இல்லை. பிறகு அந்தப் படத்தைப் பார்த்தபோது, அதில் நான் இல்லாதது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது.

அறுபதுகளின் நடுவில் கடலூரில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். குரலும் காதும் இருந்தால் போதும். முகத்தை யாரும் கேட்கப் போவதில்லை. அம்மா இதை வாய்விட்டே சொன்னாள். எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலத்தில் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் ட்ரங்க் கால் புக் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாங்கள் அந்த ஊர் ஆபரேட்டரைப் பிடித்து லைன் கொடுப்போம். ஆபரேட்டர்களுக்குள் பேர் கிடையாது, ஊர்ப்பேர்தான். நான் கடலூர். இந்தப் பக்கம் பண்ருட்டி, அந்தப் பக்கம் சிதம்பரம். மத்தியானம் இரண்டு மணிக்கு, ஊரெல்லாம் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில், லைன் சரியாக இருக்கிறதா என்று கூப்பிட்டுப் பார்ப்போம். "கடலூர் பேசுறேன், கேக்குதா?" என்பேன். "கேக்குது" என்று பதில் வரும். வேலை அவ்வளவுதான். பேச்சு அதோடு நிற்குமா?

சிதம்பரத்துக்குக் கனத்த குரல். முதல் நாளிலிருந்தே அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். பெரிய கொண்டையும் வைர மூக்குத்தியுமாக வாட்டசாட்டமான ஒரு பெண்பிள்ளையை அந்தக் குரலுக்கு நானாகச் செய்து வைத்திருந்தேன். பண்ருட்டி எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவள். இரண்டு ஊர் லைனையும் என் போர்டில் சேர்த்துச் செருகினால் மூன்று பேரும் ஒன்றாகப் பேசலாம். சூப்பர்வைசர் அம்மாவின் தலை தெரிந்தால், "பார்ட்டி லைன்ல இல்லைங்க" என்று சட்டென்று குரலை மாற்றிவிடுவேன். ஒன்றரை வருஷம் இப்படி ஓடியது. வீட்டுச் சண்டை, வயிற்று வலி, பெண் பார்க்க வந்தவன் பஜ்ஜியைத் தின்று தீர்த்துவிட்டு ஊருக்குப் போய்க் கடிதம் போடாத கதை, எல்லாம் பேசினோம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததில்லை. எனக்கு அது சௌகரியமாக இருந்தது என்று சொன்னால் போதாது. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல காலம் அதுவரை இல்லை.

மெட்ராஸ் யோசனையைக் கிளப்பியது பண்ருட்டி. மவுண்ட் ரோட்டில் பதினாலு மாடிக் கட்டடம் இருக்கிறதாம், அதில் லிஃப்டில் ஒரு தடவை ஏறி இறங்கிவிட்டால் போதும், பிறகு யாருக்கு வேண்டுமானாலும் கழுத்தை நீட்டத் தயார் என்றாள். சிதம்பரத்துக்கு மாம்பலத்தில் சித்தி வீடு இருந்தது. சனிக்கிழமை காலை ரயிலில் போய் ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்புவது. சித்தி வீடு என்றால் மூன்று வீட்டிலும் விடுவார்கள். ஷிஃப்டு மாற்றித் தருகிறவர்களுக்குப் பதிலாக நான் தீபாவளி டியூட்டி பார்ப்பதாக ஒத்துக்கொண்டேன். சிதம்பரம் ஆருத்ரா தரிசனத்தன்று டியூட்டி பார்ப்பதாகச் சொல்லிவிட்டு வந்தாள். கோயிலைச் சுற்றி இருக்கும் தெருவில் பிறந்தவளுக்கு அது லேசான காரியமில்லை.

திட்டம் போடவே இரண்டு மாதம் ஆனது. பேச்சிலேயே மெரினாவில் இறங்கிக் காலை நனைத்துக்கொண்டிருக்கும்போது பலா மண்டிக்காரர் யாராவது கூப்பிட்டுவிடுவார். அவருக்குத் திருச்சி லைனைக் கொடுத்துவிட்டு மறுபடி வந்து விட்ட இடத்தில் காலை நனைப்போம். கடலூர்க்காரி கடலைப் பார்க்க மெட்ராஸ் போகணுமா என்று சிதம்பரம் கேலி செய்வாள். எனக்கு எலெக்ட்ரிக் ரயிலில் போக வேண்டும், உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்ன வேண்டும். இப்படி ஒவ்வொருத்தியும் ஒன்று சொல்லிக்கொண்டே வந்தோம். கடைசியாகத்தான் சிதம்பரம் தன் ஆசையைச் சொன்னாள். மூன்று பேரும் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். நாளைக்குக் கல்யாணமாகி வேலையை விட்டுவிட்டால் குரலும் போய்விடும், படமாவது இருக்கட்டும் என்றாள்.

எனக்குப் பள்ளிக்கூடத்துப் படம் ஞாபகம் வந்தது. ஆகட்டும் அக்கா என்றேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அதற்கு முன்பும் ஒரு சந்தர்ப்பம் வந்தது. "உன் குரலக் கேட்டா நீ நல்லா செவப்பா, ஒசரமா, ரெட்டப் பின்னலோட இருப்பேன்னு தோணுது" என்று ஒரு நாள் சிதம்பரம் சொன்னாள். நான் சிரித்தேன். சிரிப்பும் ஒரு பொய்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அந்தச் சிவந்த, உயரமான பெண்ணாகத்தான் பேசினேன். அவளைக் கொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கடைசி வாரத்தில் ஒருத்தரை ஒருத்தர் எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்ற பேச்சு வந்தது. பச்சைப் புடவை கட்டலாம், கையில் கனகாம்பரம் வைத்திருக்கலாம் என்று பண்ருட்டி அடுக்கினாள். நான் அவசரமாக மறித்து, "எதுக்கு இதெல்லாம்? நம்ம மூணு பேருக்கும் கொரல் போதாதா?" என்றேன். அதானே, என்று இரண்டு பேரும் சிரித்து ஒத்துக்கொண்டார்கள். ரயிலில் ஏறப் போகிற வேறு எந்த மூன்று பேரும் இப்படியொரு முட்டாள்தனத்துக்குத் தலையாட்டியிருக்க மாட்டார்கள். எங்களுக்கு அது வெகு நியாயமாகப் பட்டது.

அந்தச் சனிக்கிழமை கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் பையோடு நின்றேன். போகிறேனா இல்லையா என்று எனக்கே தெரியாது. அவர்களைப் பார்க்க வேண்டும். அவர்கள் என்னைப் பார்க்கக் கூடாது. ஆபரேட்டர் புத்தி அப்படித்தான் வேலை செய்தது. வண்டி வந்து நின்றதும் பெண்கள் பெட்டியின் ஜன்னல் வழியாக ஒரு கனத்த குரல் கேட்டது. "ஆள் வருதும்மா, கடலூர்ல ஏறுவாங்க."

ஏறி உள்ளே போனேன். சிதம்பரம் ஒரு குருவி அளவு இருந்தாள். கொண்டையும் இல்லை, வைர மூக்குத்தியும் இல்லை. என்னைவிட இரண்டு வயதாவது சின்னவள். மடியில் பெரிய தூக்குப்பாத்திரம். பக்கத்து இடத்தில் ஒரு நீலக் கைக்குட்டையை விரித்துப் போட்டு, அதன் மேல் உள்ளங்கையை வைத்துக் காவல் காத்துக்கொண்டிருந்தாள். ஏறுகிற ஒவ்வொரு முகத்தையும் ஆவலாகப் பார்த்தாள். என் முகத்துக்கு வந்ததும் அவள் கண் ஒரு நொடி நின்றது. பிறகு எனக்குப் பின்னால் ஏறியவளிடம் போய்விட்டது. அதில் வெறுப்பு இல்லை, ஒன்றும் இல்லை. அவள் தேடியது வேறு ஒருத்தியை.

நான் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

வண்டி கிளம்பியது. அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பிளாட்பாரம் முடிகிற வரைக்கும் பார்த்தாள். உள்ளே திரும்பியபோது முகம் சுண்டிப் போயிருந்தது. இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், மூடினேன். நெல்லிக்குப்பத்தில் ஏறிய ஒரு அம்மா, ஆள் வரவில்லையே, கைக்குட்டைக்கு என்ன இடம் என்று சண்டைக்கு வந்தாள். ஒருவேளை வேறு பெட்டியில் ஏறியிருப்பார்கள், தேடிக்கொண்டு வருவார்கள் என்று சிதம்பரம் அவளிடம் மன்றாடினாள். நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். அப்படியொரு கேவலமான தூக்கத்தை நான் அதற்கு முன்பும் தூங்கியதில்லை, பின்பும் தூங்கியதில்லை.

பண்ருட்டியில் மற்றவள் ஏறினாள். வாசலிலிருந்தே, "சிதம்பரம் எங்க இருக்குது?" என்று குரல் கொடுத்தாள். இவள் எழுந்து கையை ஆட்டினாள். இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடலூர் எங்கே என்று பண்ருட்டி கேட்டாள். வரவில்லை என்றதும், அவளுக்கு வாய்தான் ஜாஸ்தி, நம்மைக் கிளப்பிவிட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பாள் என்றாள்.

சிதம்பரம் தலையை ஆட்டினாள். "அவ அப்புடிப்பட்டவ இல்லடி. ஒடம்புக்கு என்னமோ ஆயிருக்கு. நான் விழுப்புரத்துல எறங்கி ட்ரங்க் கால் போட்டுப் பாக்கப் போறேன். வண்டி போனாப் போவுது."

ஆருத்ரா தரிசனத்தை விட்டுக்கொடுத்து வாங்கிய லீவு. அதை எனக்காக விழுப்புரம் பிளாட்பாரத்தில் விடப் போகிறாள். அவள் கால் போட்டால் என் ஷிஃப்டுக்கு வந்திருப்பவள் எடுப்பாள். கடலூர் நல்லாத்தான் இருக்குது, மெட்ராஸ் போயிருக்குது என்பாள். அதற்கு மேல் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. ஆனால் என்ன சொல்வது? பேர் சொன்னாலும் அவளுக்குத் தெரியாது. முகத்தைக் காட்டினாலும் தெரியாது. தரையைப் பார்த்துக்கொண்டு, தினமும் மத்தியானம் சொல்கிறதையே சொன்னேன்.

"கடலூர் பேசுறேன். கேக்குதா?"

இரண்டு பேருடைய பேச்சும் நின்றது. நான் நிமிர்ந்தேன். சிதம்பரம் என் முகத்தைப் பார்த்தாள், இந்த முறை நகராமல். எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள். முதலில் தழும்பு, பிறகு கண், பிறகு பார்வையைத் திருப்பிக்கொள்ள ஒரு இடம் தேடுவது. வரிசை எனக்கு மனப்பாடம். அதற்காகத்தான் காத்திருந்தேன். அவளுக்கு வந்தது கோபம்.

"இவ்ளோ நேரம் எதிர்லதான் ஒக்காந்திருந்தியா?"

ஆமாம் என்றேன்.

"நான் ஒவ்வொருத்திகிட்டயும் ஆள் வருது ஆள் வருதுன்னு கெஞ்சிகிட்டிருந்ததப் பாத்துகிட்டு?"

அதற்கும் ஆமாம் என்றேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் என்னைப் பார்த்து முகம் சுளிப்பாளோ என்றுதான் இரண்டு மாதமாகத் தூக்கம் கெட்டுக் கிடந்தேன். நான் அவளை என்ன செய்கிறேன் என்று ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை. முகத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவளுக்கு அடுத்தவர் முகம் தெரிவதில்லை என்பதை அந்தப் பெட்டியில்தான் கற்றுக்கொண்டேன். எப்போதும் சிரிக்கிற பண்ருட்டிகூடச் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விழுப்புரத்தில் கூட்டம் முண்டியடித்து ஏறியது. கூடையோடு வந்த ஒரு பெண் கைக்குட்டையைத் தள்ளிவிட்டு உட்காரப் போனாள். சிதம்பரம் சட்டென்று அதன் மேல் கையை வைத்தாள். என்னைப் பார்க்கவே இல்லை.

"ஆள் இருக்குது" என்றாள்.

எழுந்து போய் அந்த இடத்தில் உட்கார்ந்தேன். செங்கல்பட்டு வரைக்கும் அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு தூக்குப்பாத்திரத்தைத் திறந்து எலுமிச்சம்பழச் சாதத்தை என் கையில் முதலில் வைத்து, இனிமேல் அக்கா என்று கூப்பிட்டால் உதைப்பேன் என்றாள்.

மவுண்ட் ரோட்டுக் கட்டடத்தில் லிஃப்டு அன்றைக்கு ஓடவில்லை. பண்ருட்டி கீழே நின்று அண்ணாந்து மாடிகளை எண்ணிவிட்டு வந்தாள். மெரினாவில் காலை நனைத்தோம், எங்கள் ஊர்த் தண்ணீரைப் போலவே உப்பாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை மாம்பலத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். படம் எடுக்கிறவர் நல்ல மனுஷர். என்னைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் ஓரத்து நாற்காலியில் உட்காரவைத்து, என் தாடையைத் தொடாமல் விரலாலேயே ஜாடை காட்டி, பூ விழுந்த கண் தெரியாதபடி பக்கவாட்டில் திருப்பினார். பழக்கப்பட்ட கழுத்து. தானாகத் திரும்பிவிட்டது. அவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுவிட்டு வெளியே வந்து, ஆடாதீர்கள் என்றார்.

அப்போது நான் கழுத்தை நேராகத் திருப்பினேன். "நேராவே எடுங்க சார்" என்றேன். "பண்ருட்டி வரைக்கும் மறச்சு வெச்சது போதும்."

அவர் கை அதற்குள் பொத்தானை அழுத்திவிட்டது.

படம் தபாலில் வந்தது. கூடத்தில், வருகிறவர்கள் உட்காரும் இடத்துக்கு எதிரே, நானே ஆணி அடித்து மாட்டினேன். அம்மா அதைக் கழற்றவில்லை. இன்றைக்கும் அது என்னிடம் இருக்கிறது. பண்ருட்டி சிரித்த சிரிப்பில் கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள். சிதம்பரம் காமிராவை மறந்து என் பக்கம் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூன்று பேரில் நேராகப் பார்ப்பது நான் ஒருத்திதான்.