முடிந்த ஆட்டத்துக்கு ஒரு நவநாள்

என் வீட்டுக்காரரைக் கட்டிக்கொண்டபோது கூடவே ஒரு பந்தாட்ட கிளப்பையும் கட்டிக்கொண்டேன். அது ஆப்பிரிக்காவில், டர்பனில் இருந்தது. அந்த ஆட்டக்காரர்களில் ஒருத்தரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் யாருக்கு எந்தக் காலில் உதை பலம், யார் வெயிலில் சீக்கிரம் சோர்ந்துபோவான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அவர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். பெரிய யுத்தம் முடிந்து சில வருஷம் கழித்து மெட்ராஸில் கப்பலிறங்கி, ராயபுரத்தில் குடியேறி, ஹார்பரில் நிலக்கரி இறக்கும் வேலைக்குப் போனார். மாதா கோயிலில் பார்த்து எனக்குக் கட்டிவைத்தார்கள். பகலெல்லாம் கரி, சாயங்காலம் குளித்துவிட்டு உட்கார்ந்தால் கிளப்பின் சரித்திரம்.

கரும்புத் தோட்டத்து ஒப்பந்தம் முடிந்து ரயில்வேயிலும் ஓட்டல்களிலும் வேலைக்குச் சேர்ந்த நம்மாட்கள்தான் அதைத் தொடங்கினார்களாம். வெள்ளைக்காரர் மைதானத்தில் இவர்களைக் கால் வைக்க விடவில்லை. தாங்கள் குடியிருந்த தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் பின்னால் இருந்த சதுப்பில் இவர்களே மண் கொட்டி மைதானமாக்கினார்கள். சர்க்கரைச் சாக்கை வெட்டி, பச்சைச் சாயம் தோய்த்து, சட்டை தைத்தார்கள். மழை பெய்தால் ஆளும் பச்சை, பந்தும் பச்சை. பூட்ஸ் போட்டவர்களோடு வெறுங்காலில் ஆடி, முதல் வருஷம் ஓர் ஆட்டத்திலும் ஜெயிக்கவில்லை. பிறகு ஒவ்வொரு டீமாகத் தோற்கடித்துக் கோப்பைக்கான கடைசி ஆட்டம் வரைக்கும் வந்தார்கள். இதைச் சொல்லும்போது அவர் குரல் பூசையில் வேதாகம நிருபம் வாசிக்கிறவர் குரல் மாதிரி ஆகிவிடும்.

ஒருநாள் செபமாலை முடிந்து, அர்ச்சியசிஷ்டவர்களின் பிரார்த்தனையும் முடிந்த சூட்டோடு ஆட்டக்காரர்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

“ரைட் விங், ஸ்டேஷன்ல கொடி காட்டுறவன்.”

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்றேன், ஒவ்வொரு புனிதர் பேருக்கும் அப்படிச் சொல்லிவந்த பழக்க தோஷத்தில்.

மனுஷன் சிரிக்கவில்லை. “சென்டர், ஓட்டல்ல ரொட்டி சுடுறவன்” என்று போய்க்கொண்டே இருந்தார். நானும் விடாமல் பதில் சொன்னேன். எண்ணிப் பார்த்தால் பத்துப் பேர்தான் வந்தார்கள்.

“கோல்ல யாருய்யா நின்னது?”

“நான்தான்” என்றார். மிச்சத்தையும் சொன்னார். “கொழந்தை உருட்டிவிட்டாக்கூட பிடிச்சிருக்கலாம். அப்படி ஒரு பந்து. ரெண்டு காலுக்கு நடுவுல போயிடுச்சு. கப்பும் போயிடுச்சு.”

தோற்று வெளியே வந்தபோது யாரும் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லையாம். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அந்த நாளில், இனி நானும் என் பிள்ளைகளும் இந்த நாட்டுக்குத் திரும்பி வரமாட்டோம் என்று கைநாட்டு வைத்தால் இந்தியாவுக்குக் கப்பல் டிக்கெட்டை அந்த ஊர் சர்க்காரே சும்மா கொடுக்கும். மறுவாரமே போய் வைத்துவிட்டார். கைநாட்டு வைத்ததைக் கிளப்பில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை; மெட்ராஸ் வந்தபின் யாரையோ பிடித்து விலாசம் மட்டும் எழுதிப் போட்டார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

“ஒரு பந்து போனதுக்கு ஊரையே வுட்டுட்டு வருவாங்களா? இன்னா ஆளுய்யா நீ!” என்று கத்தினேன்.

“அவங்க அந்தக் கப்பை ஜெயிக்கிற வரைக்கும் எனக்கு ஆறாது” என்றார்.

பாவமாக இருந்தது. அந்தப் பந்து போகாமல் இருந்தால் இவர் எனக்குக் கிடைத்திருக்க மாட்டார் என்று உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அதை நான் வெளியே சொல்லவில்லை.

கலியாணமாகி மூன்றாம் வருஷம் டர்பனிலிருந்து கிளப் கேப்டனின் கடிதம் வந்தது. என் வீட்டுக்காரருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. கன்னியர் பள்ளியில் படித்த நான்தான் வாசித்தேன். “மறுபடி கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். வரும் மாதம் முதல் ஞாயிறு ஆட்டம். வேண்டிக்கொள்.” அவ்வளவுதான், அன்றைக்கே ஒன்பது நாள் செபமான நவநாளைத் தொடங்கிவிட்டோம். ஒன்பது நாளும் கள்ளைத் தொடுவதில்லை என்று அவர் நேர்ந்துகொண்டார். ஒன்பது நாளும் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவதாக நான் நேர்ந்துகொண்டேன்.

ஏழாம் நாள், அவரோடு கரி இறக்கும் பக்கத்து வீட்டுக்காரர் எங்களை வழியில் மடக்கினார்.

“இன்னா மாமு, கடுதாசி கப்பல்ல தானே வந்துச்சி? அங்க எழுதி எத்தினி நாளாச்சோ! முடிஞ்சிபோன ஆட்டத்துக்கா மெழுவத்தி ஏத்திகினு கீறே?”

வீட்டுக்கு ஓடிக் கடிதத்தை எடுத்துப் பார்த்தோம். அதன் தலைப்பில் போன மாதத்துத் தேதி இருந்தது; அவர்கள் சொன்ன முதல் ஞாயிறு எப்போதோ போய்விட்டது. ‘வரும் மாதம்’ என்பது எங்களுக்கு வரப்போகும் மாதம் என்றே நான் வாசித்திருந்தேன். படித்தவள் லட்சணம்! எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: “கடவுளுக்கு நேத்து என்ன, நாளைக்கு என்ன. மிச்ச ரெண்டு நாளையும் முடிச்சிடுவோம்.” முடித்தோம்.

அடுத்த கடிதம் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்குள் அவர் பாதியாக இளைத்துவிட்டார். உறையைப் பிரித்து வாசித்தேன். ஜெயித்துவிட்டார்கள்! கோப்பையைத் தூக்கிக்கொண்டு லைன் வீடுகளைச் சுற்றி வந்தார்களாம், கிழவிகள்கூட ஆடினார்களாம். அவர் தரையில் உட்கார்ந்து, கரி படிந்த கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கடிதத்தில் இன்னும் இரண்டு வரி இருந்தது.

“உன் சட்டையை யாருக்கும் கொடுக்கவில்லை. அடுத்த வருஷம் கோலில் நீதான், வந்துவிடு.”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பதில் எழுது. வரேன்னு எழுது” என்றார்.

கைநாட்டை நான் ஞாபகப்படுத்தவில்லை. வருகிறேன், சட்டையைப் பத்திரமாக வையுங்கள் என்று எழுதி, அவருக்கு வாசித்தும் காட்டினேன். அவர் தலையாட்டினார். உறையில் போடும் முன், அவரைக் கேட்காமலே, கீழே ஒரு வரி சேர்த்தேன்: நானும் கூட வருகிறேன்.